இந்தோ-ஐரோப்பியக் குடும்பம்தான் ‘இயற்கை மொழி’க்கு அளவுகோலா?

கேள்வி: தெப்பக்குளத் தெரு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன்; குடியிருப்பது மதுரையில், கிருஷ்ணராயர் தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு தெருவில். என் அண்ணன் மகன் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மனித மொழியைக் கணினியில் கையாள்வது பற்றி அவனுக்கு ‘இயற்கை மொழிச் செயலாக்கம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. போன வாரம் அந்தப் புத்தகத்தோடு வந்து, “அத்தை, இதில் உள்ள எடுத்துக்காட்டெல்லாம் ஆங்கிலம், மிஞ்சினால் ஜெர்மனும் பிரெஞ்சும்தான். மூன்றும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். அப்படியானால் மனித மொழியின் பொது அமைப்பு அதுதானே? தமிழை அதிலிருந்து விலகிப்போன மொழி என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டான். அது தவறு என்று உடனே தோன்றியது. ஆனால் ஏன் தவறு என்று அவன் ஏற்கும்படி சொல்ல எனக்கு வரவில்லை.

இதோடு இன்னொன்றும் என் மனத்தில் கிடக்கிறது. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சௌராஷ்டிரர். இந்த வயதிலும் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறார். வெள்ளைத் துணியைக் கடுகளவு கிள்ளித் தூக்கி, நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்கு நகரும்போது வாய்க்குள் “தீன், சார், பாஞ்ச்” என்று எண்ணுவார். இந்த எண்ணுப்பெயர்கள் இலத்தீன், ஜெர்மன் எண்களோடு உறவுடையவை என்று படித்திருக்கிறேன். ஆனால் அவர் தம் மகளோடு பேசும்போது, சொற்கள் எனக்குப் புரியாவிட்டாலும், வாக்கியம் எங்கே முடியும் என்பது காதுக்குத் தெரிகிறது. வினை தமிழைப் போலவே கடைசியில் வந்து விழுகிறது. அப்படியென்றால் ஒரு மொழியின் குடும்பம் அதைப்பற்றி நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை? துறை அறிந்தவர்கள் விளக்கினால் பையனுக்கும் காட்டுவேன்.

மறுமொழி: வைகைக்கரை

அம்மா, உங்கள் அண்ணன் மகனின் கேள்வியில் இரண்டு வேறு உறவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் பொதுவானவை சில. ஒரு பாட்டனார் வழிவந்த பங்காளிகளுக்குள் மட்டும் இருப்பவை வேறு சில. யாரும் திட்டமிட்டு ஆக்காமல், ஒரு சமூகத்தில் பிறக்கும் குழந்தை கேட்டும் பார்த்தும் தானே பற்றிக்கொள்ளும் மொழி எதுவோ அதுவே இயற்கை மொழி. காது கேளாதோர் கையாலும் முகத்தாலும் பேசும் சைகை மொழிகளும் இதில் அடங்கும். நிகராகுவா நாட்டில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் காது கேளாத குழந்தைகள் பள்ளியில் ஒன்றுகூடியபோது, அவர்களுக்குள்ளேயே ஒரு புதிய சைகை மொழி உருவானது. அதற்கு இந்தோ-ஐரோப்பியத் தாயும் இல்லை, வேறு எந்தப் பேச்சுமொழித் தாயும் இல்லை. ஆயினும் அது முழுமையான இயற்கை மொழி. ‘குடும்பம்’ என்பதோ பங்காளி உறவு. இன்னின்ன மொழிகள் ஒரு காலத்தில் ஒரே மொழியாக இருந்து பிரிந்தவை என்ற வரலாற்றுச் செய்தியை மட்டுமே அது சொல்கிறது.

உலகில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை சுமார் 450. ஆப்பிரிக்காவின் நைஜர்-காங்கோக் குடும்பத்திலும், மடகாஸ்கர் முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்த ஆஸ்திரனேசியக் குடும்பத்திலும் தனித்தனியே ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள் உள்ளன. ஆனால் பேசுவோரை எண்ணினால் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் தாய்மொழி இந்தோ-ஐரோப்பியம். இது குடியேற்றமும் பேரரசுகளும் வணிகமும் செய்த வேலையே அன்றி, அந்த மொழிகளின் அமைப்பு மனித மூளைக்கு மற்றவற்றைவிட ஏற்றது என்பதற்குச் சான்று ஆகாது.

பிறகு ஏன் பாடப்புத்தகங்கள் அந்தக் குடும்பத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன? மொழிவரலாறு என்னும் துறையின் முதல் பட்டறை அதுதான். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து 1767இலேயே வடமொழிக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பாரிசுக்கு எழுதி அனுப்பினார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786இல் ஆற்றிய உரைக்குப் பிறகு அக்கருத்து ஐரோப்பா முழுவதும் பரவியது. வெறும் ஒற்றுமை பார்ப்பதோடு நின்றிருந்தால் அது பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும். ஒலிகள் ஒழுங்காக மாறுகின்றன என்று கண்டதுதான் திருப்பம். வடமொழியில் ‘பஞ்ச’, கிரேக்கத்தில் ‘பெந்தே’, உங்கள் எதிர்வீட்டில் ‘பாஞ்ச்’. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’. வடமொழியில் ‘பிதர்’, இலத்தீனில் ‘பாதேர்’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. சொல்லின் முதலில் வந்த பழைய பகரம் ஜெர்மானியக் கிளையில் ஃபகரம் ஆகிவிட்டது. ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய விதிகளில் இதுவும் ஒன்று. ஆர்மீனிய மொழியில் அதே பகரம் ஹகரமாகி, ‘தந்தை’ என்பது ‘ஹய்ர்’ ஆயிற்று. பழைய ஐரிஷ் மொழியில் அதுவும் தேய்ந்துபோய் வெறும் ‘அதிர்’ என நின்றது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். தமிழில் பால், பல், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன. கன்னடத்தின் கிராமப் பேச்சுகள் சிலவற்றில் அந்த ஹகரமும் உதிர்ந்து ‘ஆலு’ என்றே ஒலிக்கிறது. ஆர்மீனியத்துக்கும் கன்னடத்துக்கும் எந்தக் குடும்ப உறவும் காட்டப்படவில்லை. இருந்தும் பகரம் அதே வழியில் தேய்ந்திருக்கிறது. உதடுகளை இறுக்க மூடித் திறக்கும் ஒலி, காலப்போக்கில் தளர்ந்து வெறும் மூச்சாகி, பிறகு மூச்சும் நின்றுபோவது, மனித வாய் எங்கே இருந்தாலும் நடக்கக்கூடியது. ‘பஞ்ச’வும் ‘ஃபைவ்’வும் ஒரே வேர் என்பது அந்தக் குடும்பத்தின் சொந்தக் கதை. ஆனால் ஒலி விதிக்கு உட்பட்டு மாறும் என்பது இயற்கை மொழி அனைத்துக்கும் உரிய இயல்பு. அந்த இயல்பு முதலில் இந்தோ-ஐரோப்பியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் அது இந்தோ-ஐரோப்பியத்துக்கு மட்டும் உரியது ஆகிவிடாது.

அந்த முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைப் பையனிடம் சொல்லுங்கள். 1879இல் சசூர் என்னும் இளைஞர், இருபத்தொரு வயதில், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மூலமொழியில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது அறியப்பட்டிருந்த மொழி எதிலும் அந்த ஒலிகள் நேராகக் காணப்படவில்லை. பின்னர் துருக்கியில் தோண்டி எடுக்கப்பட்ட களிமண் பலகைகளிலிருந்து ஹித்தைத்து என்னும் மொழி 1915இல் படித்தறியப்பட்டது. அதில் சசூர் எதிர்பார்த்த இடங்களிலேயே ஓர் ஒலி எழுதப்பட்டிருப்பதை 1927இல் போலந்து மொழியியலார் குரிலோவிச் எடுத்துக் காட்டினார். நேரில் பாராத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, அது மண்ணுக்குள்ளிருந்து வெளிவருவதை எத்தனை துறைகள் பார்த்திருக்கின்றன?

அந்த ஒப்பீட்டு நோக்கு நம் மொழிகளுக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இல் நிறுவினார். அவர் காலமானது நமக்குப் பக்கத்தில், இராமநாதபுரத்தில், 1819இல். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் போதிய அளவு தெரியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் அதை விரித்து நிலைநாட்டினார்.

தவறு நுழைந்தது இதற்கு அடுத்த படியில்தான். பட்டறையில் கிடந்த கருவிகள் எல்லாருக்கும் பொது. அங்கே கிடந்த பொருள்களும் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று பலர் எண்ணிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ என்று ஓர் உடைமை வினை இருக்கிறது. நாம் “என்னிடம் பணம் இருக்கிறது” என்கிறோம். ரஷ்ய மொழியும் ஏறத்தாழ இப்படியே, ‘என்னிடம் உள்ளது’ என்ற போக்கில்தான் சொல்கிறது, அது இந்தோ-ஐரோப்பியமாக இருந்தும். ஆங்கிலச் சுட்டிடைச்சொற்களான ‘எ’, ‘த’ போன்றவை இலத்தீனில் கிடையாது, ரஷ்ய மொழியிலும் கிடையாது. நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்கிறோம். ஐரோப்பாவின் பெருமொழிகளுக்கு அது இல்லை. ஆனால் மலாய் மொழிக்கு உண்டு, ஆஸ்திரனேசியத்தில் பரவலாகவே உண்டு. எதிலிருந்து எது விலகியது என்று இங்கே எப்படிச் சொல்வது?

மறுமொழி: சௌராஷ்டிரத் தெரு வாசகர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். என் தாய்மொழியைப் பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். எங்கள் முன்னோர் குஜராத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, விஜயநகரப் பகுதிகளில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தவர்கள் என்பது எங்கள் வழிவழிச் செய்தி. மொழியிலும் அந்தப் பயணம் தெரிகிறது. தெலுங்குச் சொற்களும் கன்னடச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஆனால் எண்ணுப்பெயர், உறவுப்பெயர், அன்றாட வினைகளின் வேர்கள் ஆகியவற்றை எடுத்துப் பார்த்தால் அது ஐயத்துக்கு இடமின்றி இந்தோ-ஆரியம், அதாவது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஒரு கிளை.

எங்கள் எழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. ம, ந, ர, ல ஆகிய ஒலிகளை மூச்சுச் சேர்த்து ஒலிப்பதற்கென்று ‘ஹாரு’ என்னும் தனிக் குறி இருக்கிறது. உயிர்க்குறிகளுக்கு நடுவே அதைப் பார்க்கும்போதெல்லாம், தமிழ்நாட்டில் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும் இந்த ஒலி எங்கள் வாயை விட்டுப் போகவில்லையே என்று நினைப்பேன். இப்போது அது யூனிகோடிலும் இடம் பெற்றுவிட்டது. ஆனால் வீட்டில் பேசும் பிள்ளைகளில் அதை எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர்.

நீங்கள் காதால் கேட்டது உண்மைதான். வினை இறுதியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின்னால் வரும். இது எங்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று, இந்தியும் அப்படித்தான். இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுவதற்கும் ஒரே சொல்வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைப் பையனுக்குச் சொல்லுங்கள். இந்தியில் வினை கடைசியில், ஆங்கிலத்தில் நடுவில், பிரிட்டனிலேயே பேசப்படும் வேல்ஷ் மொழியில் முதலில்.

மறுமொழி: ஆலவாய் அன்பன்

ஐயா வைகைக்கரை அவர்களின் விளக்கம் நன்று. ஆயினும் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். குடும்பங்கள் தனித்தனி என்றால், ‘எட்டு’ என்பதற்கும் ஆங்கில ‘எய்ட்’ என்பதற்கும், ‘ஒன்று’ என்பதற்கும் ‘ஒன்’ என்பதற்கும் இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது? எண்ணுப்பெயர்களைக் கடன் வாங்குவது அரிது என்கிறார்கள். இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய தாய் இருக்கக்கூடாதா, அது தமிழுக்கு மிக நெருங்கியதாக இருக்கக்கூடாதா? தமிழ்மேல் உள்ள பற்றினால் மட்டும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: வைகைக்கரை

அன்பரே, மிக நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இரண்டு சொற்கள் உண்மையாகவே உடன்பிறந்தவை என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக அவை ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும். ‘எய்ட்’டை அப்படிப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, இலத்தீனில் ‘ஒக்தோ’, கிரேக்கத்தில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. நடுவில் ஒரு ககர ஒலியும் பின்னால் தகரமும் கொண்ட சொல் அது. நம் ‘எட்டு’ கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. தமிழிலேயே ‘எண்பது’, ‘எண்ணாயிரம்’ என்ற வடிவங்களில் அதன் வேர் ‘எண்’ என்று வெளிப்படையாக நிற்கிறது. ஒரு பக்கம் ‘ஒக்தோ’, மறுபக்கம் ‘எண்’. இன்று ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டும் பழமைக்குப் போகப் போக விலகுகின்றன. ஆங்கில ‘ஒன்’னும் அப்படித்தான், பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, ஜெர்மனில் ‘ஐன்’, இலத்தீனில் ‘ஊனுஸ்’. வழியில் முகம் ஒத்திருப்பவர் எல்லாரும் பங்காளி ஆகிவிடுவதில்லை. ஊர்ப்பெயரும் பாட்டனார் பெயரும் கேட்டுத்தானே உறவைச் சொல்கிறோம்?

கடனும் உறவு அன்று. மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக் குகையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ‘தம்மம்’ என்ற பிராகிருதச் சொல் வருகிறது. ஆனால் வினையும் உருபுகளும் தமிழ். எழுத்துமுறையோ பிராகிருதத்துக்கும் தமிழுக்கும் பொதுவான பிராமி; அதில் ழ, ள, ற, ன ஆகிய நம் ஒலிகளுக்கெனக் குறிகள் சேர்க்கப்பட்டன. ஒரே பாறையில் எழுத்து ஒரு வழியாகவும், ஒரு சொல் வேறு வழியாகவும், மொழி தன் வழியாகவும் வந்து சேர்ந்திருக்கின்றன.

மேலே ஒரு பெருந்தாய் இருந்திருக்கலாமே என்றால், அப்படிக் கருதியவர்கள் உண்டு. இந்தோ-ஐரோப்பியத்தையும் திராவிடத்தையும் இன்னும் சிலவற்றையும் இணைத்து ‘நாஸ்திராத்திக்’ என்னும் பெருங்குடும்பத்தை முன்மொழிந்தார்கள். பெரும்பாலான மொழியியலார் அதை ஏற்கவில்லை. காலம் மிக நீளும்போது ஒலிமாற்றங்கள் தடயங்களை அழித்துவிடுகின்றன. எஞ்சுவது தற்செயலா உறவா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. தமிழின் பெருமைக்கு அந்தத் தாய் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனித மொழிகளுக்குப் பொதுவானவை எவை என்று தேடியவர்களில் அமெரிக்க மொழியியலார் கிரீன்பெர்க் முக்கியமானவர். அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வுக்கு 30 மொழிகளை எடுத்துக்கொண்டு 45 பொதுமைகளைச் சொன்னார். அந்த 30இல் திராவிடத்தின் சார்பில் இருந்தது கன்னடம். வினை இறுதியில் வரும் மொழிகளில் உருபுகள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் என்பது அவற்றில் ஒன்று. தமிழ், ஜப்பானியம், துருக்கியம், இந்தி, எதிர்வீட்டுச் சௌராஷ்டிரம் எல்லாம் இதற்குள் அடங்கும். குடும்பமோ வேறு வேறு. பின்னாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வினை இறுதியில் வரும் மொழிகளே மற்ற எந்த வகையையும்விட அதிகம் என்று தெரிந்தது. பத்தில் நான்கு அப்படிப்பட்டவை. ஆங்கில வரிசைதான் இயல்பு என்று எண்ணும் மாணவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மறுமொழி: மாட்டுத்தாவணி மென்பொருளர்

தம்பியின் பாடம் சார்ந்து ஒரு சிறு குறிப்பு. நான் தமிழ் உரைகளைக் கணினியில் கையாளும் வேலையில் இருக்கிறேன். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரல்கள், சொல் என்றால் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பது என்று எடுத்துக்கொள்கின்றன. “வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்” என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ஆறேழு சொற்கள் வேண்டும். அகராதியில் அப்படியே தேடினால் கிடைக்காது, உருபுருபாகப் பிரித்தால்தான் பொருள் வரும். சேமிப்பிலும் வேறுபாடு உண்டு: பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், நம் ‘க’வுக்கு மூன்று, ‘கு’வுக்கு ஆறு. பைட்களின் அடிப்படையில் சொல்லை வெட்டும் கருவி தமிழைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. இது தமிழின் குறை அன்று. கருவியை எந்த மொழியின் அளவுக்கு வெட்டித் தைத்தார்கள் என்பதைக் காட்டுவது. தம்பி, திட்டவேலைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் பெயரெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “நான் நேற்றுப் பார்த்த பையன்” என்பதில் ‘யாரை’ என்று சுட்டும் சொல் எதுவுமில்லை. பார்த்தவன் யார், பார்க்கப்பட்டவன் யார் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது கடினமான, பயனுள்ள வேலை.

மறுமொழி: தெப்பக்குளத் தெரு ஆசிரியை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பையனை எதிர்வீட்டுத் திண்ணைக்கே அழைத்துப் போனேன். “கடைக்குப் போய் நூல் வாங்கிக்கொண்டு வந்தேன்” என்பதைப் பாட்டி தம் மொழியில் மூன்று முறை நிதானமாகச் சொன்னார். அவன் குறிப்பேட்டில் மேலே தமிழ், நடுவில் சௌராஷ்டிரம், கீழே ஆங்கிலம் என்று எழுதி, பொருள் ஒத்த சொற்களைக் கோடிட்டு இணைத்தான். தமிழிலிருந்து பாட்டியின் வாக்கியத்துக்குப் போன கோடுகள் நேராக இறங்கின. அங்கிருந்து உறவு மொழியான ஆங்கிலத்துக்குப் போனவை ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போயின. அவன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டியிடம் ஒன்று முதல் பத்து வரை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டான். பாட்டி எட்டு வரும்போது துணியிலிருந்து கையை எடுத்து, அவன் சரியாக எழுதுகிறானா என்று எட்டிப் பார்த்தார். பெயரெச்சத்தைத் திட்டவேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். மென்பொருளர் ஐயா, தொடங்கும்போது அவன் உங்களுக்கு இங்கேயே எழுதுவான்.